குழறிய நாக்கும் ஒரு நரம்புப் பரிசோதனையும்



கொஞ்சம் நீளமான பதிவு. எட்டு மாதமாக நான் இந்தப் பக்கம் சரியாக வரவில்லை. தினமும் காலையில் குழுவில் போட்டுவந்த குறள் விளக்கமும் நின்றுபோனது. சிலர் போன் செய்து கேட்டீர்கள். சிலர் என்னிடம் கேட்காமல் மற்றவர்களிடம் கேட்டீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து இன்று பதில் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எழுதினேன். விரல் சோர்ந்ததும் நிறுத்தி, மறுநாள் தொடர்ந்து, மூன்று காலைகளில் முடித்தது இது.

போன வருஷம் தை மாதம் தொடங்கியது. சாயங்காலம் ஏழு மணிச் செய்தி பார்க்கும்போது செய்தி வாசிக்கிற பெண் இரண்டாகத் தெரிந்தார். ஒரு கண்ணை மூடினால் ஒருவராகிவிடுவார். காலையில் பேப்பர் படித்தால் எழுத்து மணி மணியாகத் தெரியும். "என்னங்க, இடது கண்ணு சொக்குது. போய்ப் படுங்க" என்பாள் என் மனைவி. தூக்கம் வந்தால்தானே படுக்க? தூக்கமே இல்லை. இமை மட்டும் தானாகக் கீழே இறங்கும். கண்ணாடிக் கடையில் போய்ப் பார்த்தேன். பவர் மாறியிருக்கிறது என்று 4,200 ரூபாய்க்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். புதுக் கண்ணாடியிலும் சாயங்காலம் இரண்டு பேர்தான் செய்தி வாசித்தார்கள்.

அடுத்து சாப்பாடு. முதல் பத்து வாய் ஒழுங்காக மெல்லுவேன். அப்புறம் தாடை ஓய்ந்துவிடும். கையால் முகவாயைத் தாங்கிக்கொண்டு மெல்ல வேண்டியிருந்தது. வயசு 67 ஆகிறது, பல் தேய்ந்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

வைகாசியில் நம் வீட்டுக் கல்யாணம். பலர் வந்திருந்தீர்கள். ராத்திரி வரவேற்பில் "சார் ரெண்டு வார்த்தை வாழ்த்திப் பேசணும்" என்று மைக்கைக் கொடுத்தார்கள். 34 வருஷம் வகுப்பில் பேசியவனுக்கு மைக் என்ன பெரிய விஷயம்? மூன்று நிமிடம் நன்றாகப் பேசினேன். பிறகு நாக்கு தடித்ததுபோல் ஆகிவிட்டது. "பல்லாண்டு" என்று சொல்ல நினைத்தால் வேறு ஏதோ வந்தது. குரல் மூக்கு வழியாகப் போனது. கண் பாதி மூடியிருந்தது. முன் வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். பாதியில் மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாள் மதியம் என் மனைவிக்கு ஒரு போன். உறவில்தான், பெயர் வேண்டாம். "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. மாமா ரிட்டயர்டு ஆனப்புறம் புதுசா ஏதாவது பழக்கம்…?"

அவள் போனை வைத்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். என்னிடம் இரண்டு நாள் சொல்லவே இல்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அறிவொளி இயக்கக் காலத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ராத்திரி வகுப்பு எடுத்தபோது, குடித்துவிட்டு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தியவன் நான். குடிகார அப்பாவுக்குப் பயந்து பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்திருந்த பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு போட்டவள் அவள். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு போன். யாரிடம் போய் நிரூபிப்பது? சாயங்காலம் வெளியே போவதை நிறுத்தினேன். டீக்கடைக்குப் போவதில்லை. கோயிலுக்கும் காலையில் மட்டும். பேசினால்தானே குழறும், பேசாமல் இருந்துவிடலாம் என்று குறள் விளக்கத்தையும் நிறுத்தினேன்.

என்னைக் காப்பாற்றியது என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண். இப்போது சென்னையில் நர்ஸாக இருக்கிறாள். ஆடி மாதம் அவள் மகனுக்குச் சுதந்திர தினப் பேச்சுப் போட்டி. "சார், நீங்களே ஒரு பேச்சு பேசி அனுப்புங்க. எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி ஏத்த இறக்கத்தோட" என்று கேட்டாள். மாட்டேன் என்று சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஆறு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது.

"சார், சாப்பிடும்போது புரை ஏறுதா? தண்ணி குடிச்சா மூக்கு வழியா வருதா?"

"எப்பவாவது வருதும்மா."

"கண்ணு இமை தொங்குதா? காலைல சரியா இருந்து சாயங்காலம் மோசமாகுதா?"

"உனக்கு யார் சொன்னா?"

"நீங்கதான் சார் சொன்னீங்க. முதல் ரெண்டு நிமிஷம் உங்க குரல். அஞ்சாவது நிமிஷம் வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. நாளைக்கே நரம்பு டாக்டரப் பாருங்க. தள்ளிப் போடாதீங்க."

அத்தனை மாதத்தில் எனக்கு என்ன செய்கிறது என்று என்னிடமே நேராகக் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனோம். பெரிதாக எதுவும் செய்யவில்லை அவர். "மேலே விட்டத்தையே பாருங்க சார், இமைக்காம" என்றார். ஒரு நிமிடத்துக்குள் இடது இமை திரைச்சீலை மாதிரி இறங்கியது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். முப்பதில் நின்றது. பிறகு ஒரு கையுறைக்குள் ஐஸ் கட்டி போட்டு, மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்தார். எடுத்ததும் கண் நன்றாகத் திறந்தது! குளிர்ச்சியில் நரம்புக்கும் தசைக்கும் நடுவே நடக்கிற வேலை கொஞ்சம் நேராகிவிடுமாம்.

"மயஸ்தீனியா கிராவிஸ்னு நினைக்கிறேன். ரத்தப் பரிசோதனை வர நாளாகும். இன்னைக்கே ஒரு நரம்பு டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார்.

அந்த டெஸ்ட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். கரண்ட் வைப்பார்கள் என்றதும் என் மனைவி பயந்துவிட்டாள். நாளைக்கு உங்களில் யாருக்காவது எழுதிக் கொடுத்தால் பயப்படக் கூடாது.

இதற்கு ரிப்பிடிட்டிவ் நெர்வ் ஸ்டிமுலேஷன் என்று பெயர். நரம்பை அடுத்தடுத்துத் தூண்டிப் பார்ப்பது. சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். சோதனை செய்த தம்பிக்கு என் பேரன் வயசுதான் இருக்கும். முதலில் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கை சில்லுனு இருக்கு சார்" என்று வெந்நீர்ப் பை வைத்துச் சூடாக்கினார். ஏன் என்று கேட்டேன். ஐஸ் வைத்தால் இமை தூக்குகிறதே, அதே காரணம்தான். கை குளிர்ந்திருந்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும், டெஸ்ட் சரியாக இருப்பதுபோல் காட்டிவிடும்.

சுண்டுவிரல் பக்கத்துத் தசை மேல் ஒட்டும் பட்டைகளை ஒட்டினார். விரல் ஆடாமல் டேப் போட்டுக் கட்டினார். மணிக்கட்டில் நரம்பு ஓடும் இடத்தில் கருவியை வைத்தார். ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் சுரீர் என்று படுமே, அப்படி ஒரு சுண்டல். கை தானாகத் துள்ளியது. திரையில் ஒரு மேடு வந்தது. மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒரு கட்டத்துக்கு மேல் மேடு உயரவில்லை. அதற்கும் சற்று மேலே வைத்துக்கொண்டார். அப்போதுதான் எல்லா நாரும் வேலை செய்கிறது என்பது உறுதி. பின்னால் மேடு குறைந்தால் மின்சாரம் போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. விடைத்தாள் திருத்துகிறவனுக்கு இந்த நேர்மை பிடித்துப்போயிற்று.

பிறகு வினாடிக்கு மூன்று தடவை வீதம் பத்துத் தடவை. டக், டக், டக். மூன்று, நான்கு வினாடியில் முடிந்துவிட்டது. திரையில் பத்து மேடுகள், பிரேயரில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்தன. நல்ல ஆளுக்குப் பத்தும் ஒரே உயரம் இருக்கும். முதல் மேட்டையும் நான்காவது அல்லது ஐந்தாவது மேட்டையும் ஒப்பிடுவார்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் கோளாறு. என் கையில் 5 சதவீதம்தான் குறைந்தது. "பாஸ்" என்றார் தம்பி.

எனக்குத் திக்கென்றது. பாஸ் ஆனால் என்ன அர்த்தம்? நோய் இல்லை என்றால் அந்தக் கல்யாண ராத்திரிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? நோய் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஒரு மனுஷன் கட்டிலில் படுத்திருப்பான் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"இருங்க சார், கை கடைசிலதான் மாட்டும். தோள்லயும் முகத்துலயும் பாக்கணும்" என்றார். கழுத்துப் பக்கத்தில் தூண்டி, தோள் தசையில் பார்த்தார். முதல் மேடு உயரம். இரண்டாவது குட்டை. மூன்றாவது இன்னும் குட்டை. நான்காவது அதைவிடக் குட்டை. அதற்குப் பிறகு லேசாக ஏறி நின்றுவிட்டது. 23 சதவீதம். காதுக்கு முன்னால் தூண்டி மூக்குப் பக்கத்துத் தசையில் பார்த்தபோது 31.

அடுத்து ஒரு நிமிடம் தோளைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, அவர் கையால் அழுத்திக்கொண்டார். விட்டவுடன் மறுபடி டெஸ்ட். ஆச்சரியம், குறைவு 11 ஆகியிருந்தது. வேலை செய்த உடனே கொஞ்சம் தேறுமாம். பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் 30. என் கல்யாணப் பேச்சு அப்படியே திரையில் தெரிந்தது. தொடக்கத்தில் கம்பீரம், மூன்று நிமிடத்தில் படுதோல்வி.

"தம்பி, இது குடிச்சா வருமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "குடிக்கிறதுனால இந்தப் படிக்கட்டு வராது சார். இது நரம்பும் தசையும் சேருற இடத்துக் கோளாறு" என்றார். அந்தத் தாளில் ஒரு பிரதி கூடுதலாக வாங்கி, மடிக்காமல் கொண்டுவந்தேன். வெளியே பெஞ்சில் இருந்த என் மனைவியிடம் காட்டினேன். அவளுக்கு அந்தக் கோடுகள் என்ன புரியும்? ஆனாலும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்தியாராகிவிட்டேனே, இரண்டு நிமிடம் பாடம் நடத்தாமல் விட முடியாது.

நரம்பு நேராகத் தசையைத் தொடுவதில்லை. நடுவில் மிகச் சின்ன இடைவெளி இருக்கிறது. நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற பொருளை அங்கே கொட்டுகிறது. தசைப் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ள ஏற்பிகள் இருக்கின்றன. நம் சத்துணவுக் கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு கரண்டி, ஏற்பி தட்டு. அடுத்தடுத்துக் கேட்டால் கரண்டியில் வருவது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறையும். இது எல்லோருக்கும் உள்ளது. ஆனால் நல்ல உடம்பில் தேவைக்கு மேலேயே பரிமாறுகிறார்கள், தட்டுகளும் நிறைய. அதனால் குறைவு தெரியாது. என் உடம்பில், நோயை எதிர்க்க வேண்டிய எதிர்ப்பொருள்களே திசை மாறி வந்து பாதித் தட்டுகளைக் கவிழ்த்துவிட்டன. முதல் கரண்டி எப்படியோ போதும். நான்காவது கரண்டிக்குச் சில தசை நார்கள் பட்டினி. அதுதான் திரையில் தெரிந்த படிக்கட்டு. உணர்ச்சிக்கு ஒன்றும் ஆகாது. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும். வலு மட்டும் தீரும், ஓய்ந்தால் திரும்பும்.

நல்லபாம்பு விஷம் தாக்குவதும் இதே தட்டைத்தான். என் சின்ன வயதில் கதிரறுப்பில் பாம்பு கடித்த ஒருவரைக் களத்தில் கிடத்தியிருந்தார்கள். இமையைத் திறக்க முடியாமல் கிடந்தார். தூக்கம் என்று நினைத்து எழுப்பிக்கொண்டே இருந்தார்கள். அது தூக்கம் இல்லை என்று எனக்கு 67 வயதில்தான் புரிந்தது.

இந்த டெஸ்ட்டின் வேர் பழையது. 1895இல் பெர்லினில் ஃபிரீட்ரிக் யோலி என்ற டாக்டர், மின்சாரத்தால் தசையைத் திரும்பத் திரும்பத் தூண்டி, அது சோர்ந்து போவதைக் காட்டினார். நோய்க்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்ற சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தவரும் அவர்தான். 1934இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற பெண் டாக்டர், அம்பில் தடவும் கியூராரே விஷத்தின் அறிகுறிகள் இந்த நோய் போலவே இருப்பதைக் கவனித்து, அதன் மாற்று மருந்தையே நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார். இமை உயர்ந்தது. இன்று நான் சாப்பிடும் பைரிடோஸ்டிக்மின் அந்த மருந்தின் வழியில் வந்ததுதான். 1941இல் அமெரிக்காவில் ஹார்வியும் மாஸ்லண்டும் மேடுகள் குறைவதைப் பதிவு செய்து காட்டினார்கள். இன்றைய டெஸ்ட் அதன் தொடர்ச்சி.

குறித்துக்கொள்ள வேண்டியவை:

1. டெஸ்ட் சரியாக வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணில் மட்டும் நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது காட்டாது. ஒரு தசையில் இல்லாவிட்டால் இன்னொன்றில் பார்க்க வேண்டும். இதைவிட நுட்பமாக ஒற்றை நாரைப் பார்க்கும் பரிசோதனையும் இருக்கிறது.

2. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு முன் நிறுத்த வேண்டியிருக்கலாம், பொதுவாக 12 மணி நேரம். ஆனால் டாக்டர் சொன்னால் மட்டுமே. விழுங்கவோ மூச்சு விடவோ சிரமம் உள்ளவர்கள் தாங்களாக நிறுத்தினால் ஆபத்து.

3. இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. இந்த நோய் இருப்பவர்கள் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும். சில ஆன்டிபயாடிக் மருந்துகளே நோயைக் கூட்டிவிடும். கடையில் நாமாக வாங்கிப் போடக் கூடாது.

5. மூச்சுத் திணறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி.

என் ரத்தப் பரிசோதனையும் பிறகு நோயை உறுதி செய்தது. நெஞ்சில் தைமஸ் சுரப்பிக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார்கள், இல்லை. மாத்திரை போட்ட அரை மணி முக்கால் மணியில் கண் திறக்கிறது. முதலில் வயிற்றைக் கொஞ்சம் கலக்கியது, இப்போது பழகிவிட்டது. ஸ்டீராய்டும் சின்ன அளவில் உண்டு. முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் செய்தி வாசிப்பவர் ஒருவராகிவிட்டார்.

அந்தப் போன் செய்த உறவினர் விஷயம் தெரிந்து வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். என் மனைவி காப்பி கொடுத்தாள். நான் அந்தத் தாளை எடுத்துக் காட்டலாம் என்று பீரோ வரை போனேன். காட்டவில்லை. ஏன் என்று சொல்கிறேன். இந்தப் பதிவை எழுதியதே இதற்காகத்தான்.

1994இல் என் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் எழுதவில்லை, உடன் படித்தவர்களுக்குத் தெரியும். எழுத ஆரம்பித்தால் முதல் பக்கம் முத்து முத்தாக இருக்கும். இரண்டாம் பக்கம் கோழி கிளறியதுபோல் ஆகிவிடும். மதியத்துக்கு மேல் கண் சொக்கும். வாசிக்கச் சொன்னால் நான்கு வரி கணீரென்று படித்துவிட்டு முணுமுணுப்பான். "மொத பக்கம் எழுதத் தெரியுதுல்ல? ரெண்டாம் பக்கம் மட்டும் என்ன சோம்பேறித்தனம்?" என்று பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவேன். கையைத் தூக்கிக்கொண்டு நிற்கச் சொல்வேன். கை இறங்கினால் அடி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அவன் திருப்பூருக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

அவனுக்கு இந்த நோய் என்று நான் சொல்லவில்லை. அவன் வீட்டில் காலைச் சோறு இல்லாமல் இருந்திருக்கலாம், ராத்திரி வேலைக்குப் போயிருக்கலாம், உண்மையிலேயே சோம்பேறியாகவும் இருந்திருக்கலாம். எது என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் கேட்கவில்லை. ஒரு வருஷம் முழுக்க என் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் "உனக்கு என்னப்பா செய்யுது?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. முன் வரிசையில் என்னைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் என்ன செய்தார்களோ அதையேதான் நானும் ஒரு பத்து வயதுப் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரு ராத்திரி. எனக்கு ஒரு வருஷம். பீரோவைத் திறக்கும்போது அவன் ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து ஆப்பிளைத் தின்றேன்.

தம்பி, இதை நீ படித்தால், அல்லது யாராவது உனக்குப் படித்துக் காட்டினால், சாரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு போன் செய். உன் நம்பர் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக அனுப்புங்கள், கமெண்டில் வேண்டாம்.

உங்களில் முப்பது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். தொடக்கத்தில் நன்றாகச் செய்து போகப் போகச் சோர்கிற பிள்ளை வகுப்பில் இருந்தால், அடிக்கும் முன் பக்கத்தில் கூப்பிட்டுக் கேளுங்கள். இமையைப் பாருங்கள். வீட்டில் சொல்லி டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

குறள் விளக்கம் வரும் திங்கள்கிழமையிலிருந்து மறுபடி தொடங்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. பேச நினைக்கிறவர்கள் காலை பதினொரு மணிக்குள் கூப்பிடுங்கள். சாயங்காலம் கூப்பிட்டு நான் குழறினால், காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்.